தரவுக் காப்புப் பிரதி குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

தொண்டி முதல் மூக்கையூர் வரை எங்கள் பராமரிப்பில் உள்ள மீன் கமிஷன் கடைகள், கருவாட்டு மண்டிகள், ஐஸ் ஆலைகள், இராமேசுவரத்துத் தங்கும் விடுதிகள் அனைத்துக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இம்மடலை எழுதுகிறோம். உங்கள் வணிகத் தரவுக்கு, கணினி இருக்கும் கட்டடத்துக்கு வெளியே ஒரு பிரதி இருக்கிறதா என்பதை இந்த வாரமே பார்த்துவிடுமாறு வேண்டுகிறோம்.

கணினி பழுதானால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். விண்டோஸையும், கணக்கு எழுதும் மென்பொருளான டேலியையும் திரும்ப நிறுவித் தர எங்களால் முடியும். ஆனால் எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தீர்கள், மீன் வரவில் கழித்தது போக நிலுவை எவ்வளவு என்பதெல்லாம் உங்கள் கணக்குப்பிள்ளை தட்டச்சு செய்து வைத்த அந்தக் கோப்புகளில் மட்டுமே இருக்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவும், ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது.

பல கடைகளில் நாங்கள் காண்பது, 'சி' டிரைவில் உள்ள தரவை அதே கணினியின் 'டி' டிரைவுக்கு நகலெடுத்து வைக்கும் வழக்கம். பெரும்பாலும் இவ்விரண்டும் ஒரே ஹார்டு டிஸ்கின் இரு பகுதிகள் என்பதால், அது பழுதானால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். எந்நேரமும் கணினியில் செருகியே வைத்திருக்கும் பென் டிரைவும் போதாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரல்கள், இணைந்திருக்கும் டிரைவுகளையும் சேர்த்தே பூட்டிவிடுகின்றன. கூகுள் டிரைவ் போன்றவற்றில் ஒத்திசைவு (கணினியில் செய்யும் மாற்றம் இணையப் பிரதியிலும் தானாக நிகழ்வது) வைத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே தவறுதலாக அழித்த கோப்பு அங்கேயும் அழியும், அங்குள்ள குப்பைத்தொட்டியில் 30 நாள் மட்டுமே இருக்கும்.

ஆகவே, வேலை முடிந்ததும் அனைவரும் டேலியிலிருந்து வெளியேறிய பிறகு (திறந்திருக்கும் கோப்பை நகலெடுத்தால் பிரதி அரைகுறையாக அமையக்கூடும்) வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் அன்றாடம் பிரதி எடுத்து, உடனே அதைக் கழற்றி, காற்றுப் புகாத பெட்டியில் வையுங்கள். உப்புக் காற்றும் ஈரமும் யூஎஸ்பி இணைப்புகளை அரிப்பதைக் கடற்கரைக் கடைகளில் தொடர்ந்து பார்க்கிறோம். ஆனால் மண்டபம் ஊரில் உள்ள கடையில் ஒரே அலமாரியில் இரண்டு டிஸ்க் வைத்தாலும், மழைவெள்ளம் உள்ளே வரும்போது இரண்டும்தான் நனையும். எனவே வாரம் ஒரு பிரதியையாவது பரமக்குடியிலோ மதுரையிலோ உள்ள நம்பிக்கையான உறவினர் வீட்டுக்கு அனுப்புங்கள். அல்லது பழைய பதிப்புகளையும் சேமித்து வைக்கும் இணையவழிக் காப்புச் சேவையில் ஏற்றிவிடுங்கள். வெளியே செல்லும் பிரதிக்குக் கடவுச்சொல் அவசியம். உங்கள் வாடிக்கையாளர்களின் வங்கி எண்களும் விடுதி விருந்தினரின் அடையாள அட்டை நகல்களும் அதில் உள்ளன. அந்தக் கடவுச்சொல்லை முதலாளி ஒரு தாளில் எழுதித் தம் பொறுப்பில் தனியே வைத்திருக்க வேண்டும்.

டேலியை மட்டும் நகலெடுத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு பணியாளரின் பயனர் கணக்கிலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், அவுட்லுக் மின்னஞ்சல் கோப்புகள் ஆகியவை தனித்தனியே இருக்கும். ஏற்றுமதியாளருடன் நடந்த விலைப்பேச்சு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.

எல்லாவற்றையும்விட நாங்கள் வலியுறுத்துவது மீட்டுப் பார்ப்பதைத்தான். பிரதி எடுக்கப்பட்டதாகத் திரையில் செய்தி வந்துவிட்டதால் மட்டும் அதிலிருந்து கணக்கு திரும்பக் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. வேறொரு கணினியில் அதை மீட்டு, கடைசி நாள் இருப்பும் ஏதேனும் ஒரு படகின் பேரேடும் சரியாக வருகின்றனவா என்று ஒப்பிட வேண்டும். மழைக்கு முன் ஒருமுறையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருமுறையும் இதைச் செய்வது நல்லது.

இந்தச் சோதனையைப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு உட்பட்டுத் தனிக் கட்டணமின்றி எங்கள் பணியாளர் உங்கள் கடைக்கே வந்து செய்து தருவார். உங்களுக்கு வசதியான நாளையும், கணக்குப்பிள்ளை கடையில் இருக்கும் நேரத்தையும் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் கணினிப் பராமரிப்பு நிறுவனத்தார்,
இராமநாதபுரம்.