தண்ணீர் கேனும் நாலு குலமும்

கேலப் பக்கம், நியூ மெக்சிகோ
பிப்ரவரி கடைசி வாரம்

அன்பு மக்கா,

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. நாங்கள் இருக்கும் இடம் கிட்டத்தட்ட ஊட்டி உயரம். ஆனால் ஊட்டியின் பச்சை கிடையாது. சிவப்பு மண், சிவப்புப் பாறை, நடுநடுவே ஜூனிபர் புதர். தேரிக்காட்டை எடுத்து ஐஸ்பெட்டிக்குள் வைத்த மாதிரி என்று நினைத்துக்கொள். என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி, எனக்குப் பகலில் பள்ளிக்கூடம். நாங்கள் பார்த்துக்கொள்வதே ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்தான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். "உங்க மிஷன் பள்ளிக்கு என்னடே வேணும், சபையில சொல்லி ஏதாச்சும் சேர்த்து அனுப்பட்டா?" என்று கேட்டிருந்தாய். தயவுசெய்து பெட்டி மட்டும் அனுப்பாதே. போன மாதம் எங்கிருந்தோ நல்ல மனசுக்காரர்கள் பத்துப் பெட்டி அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் முழுக்க நீச்சல் உடை. இங்கிருந்து கடலைப் பார்க்க ஒரு நாள் முழுக்கக் கார் ஓட்டவேண்டும். விடுதிப் பொறுப்பாளர் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார். ஒரு பையன் மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "சார், போடவே முடியாத துணிக்கு என்னன்னு நன்றி எழுதணும்?" என்றான். கணக்கு வாத்தியாரிடம் அதற்கு விடை இல்லை.

உண்மையில் என்ன வேண்டும் என்றால், முதலில் தண்ணீர். அமெரிக்காவில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேனே என்று உனக்குச் சிரிப்பு வரலாம். நாங்கள் இருப்பது நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் பகுதி, நவஹோ நாடு என்பார்கள். அங்கே பத்து வீட்டில் மூன்று வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பள்ளிக் குழாயடியைப் பார்த்தால் உனக்கு நம்ம தெரு ஞாபகம் வரும், குடத்துக்குப் பதில் பிளாஸ்டிக் கேன், அவ்வளவுதான். ஐந்து கேலன் கேன் நிறைந்தால் பத்தொன்பது கிலோ. துடைப்பக் கட்டையைக் கைப்பிடிக்குள் நுழைத்து இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றுவார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எப்போதும் நாலு விரல் குறைத்தே பிடிப்பான். சிந்தாமல் இருக்கத்தான் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் வகுப்பில், தண்ணீர் உறைந்தால் பருமன் கூடும் என்று பலகையில் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கையைத் தூக்கி, "ஆமா சார், நிறையப் பிடிச்சா ராத்திரி கேன் வெடிச்சிரும்" என்றான். படத்தை அழித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனேன்.

குழாய் இல்லாத வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழு கேலன் தண்ணீரில் சமாளிக்கிறார்கள். சராசரி அமெரிக்கர் எண்பதுக்குமேல் செலவழிக்கிறார். பக்கத்தில் கிணறு இருக்கிறதே என்றால், எல்லாக் கிணற்றிலும் வாய் வைக்கமுடியாது. 1944-லிருந்து நாற்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் யுரேனியம் தோண்டி எடுத்துவிட்டு, ஐந்நூறுக்கு மேற்பட்ட சுரங்கங்களை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். 1979 ஜூலையில் கேலப்புக்குப் பக்கத்தில் சர்ச் ராக் என்ற இடத்தில் யுரேனியக் கழிவுக் குட்டையின் கரை உடைந்து, கழிவு புயர்க்கோ ஆற்றில் போயிற்று. தண்ணீருக்காக அரசாங்கத்தின்மேல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023-ல் ஐந்துக்கு நாலு என்று தோற்றுப்போனது. அமெரிக்க அரசாங்கம் நவஹோ மக்களோடு செய்த 1868 ஒப்பந்தத்தில் நிலம் தருகிறோம் என்று இருக்கிறது, தண்ணீர் தேடித்தருகிறோம் என்று இல்லையாம். சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டு வாசல் வழியை மறிக்கிற பங்காளி நினைவுக்கு வந்தான்.

அப்புறம் துணி. வீட்டில் தண்ணீர் இல்லாவிட்டால் துவைப்பது எப்படி? பள்ளியில் இரண்டு வாஷிங் மெஷின் உண்டு, ஒன்று கோமாவில் இருக்கிறது. இன்னொன்றுக்குக் காத்திருக்கும் வரிசை நூலகத்துக்குக்கூட இல்லை. பெரிய பெண்பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே வந்து குளித்துத் தலைசீவி வகுப்புக்கு வருவார்கள். அது யாருக்கும் தெரியாத மாதிரி நாங்கள் எல்லாரும் நடந்துகொள்வோம்.

பஸ் டிரைவர் வேண்டும். இருந்தவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் போய்விட்டார். இந்தத் தூரம் உனக்குச் சொன்னால்தான் புரியும். நவஹோ நாடு சுமார் 70,000 சதுர கிலோமீட்டர், மூன்று மாநிலங்களில் கிடக்கிறது. நம்ம குமரி மாவட்டத்தை அதற்குள் நாற்பது தடவை வைக்கலாம். பெரும்பாலும் மண் ரோடு. பனி உருகினால் களிமண் டயரைப் பிடித்துக்கொள்ளும். நம்ம ஊரில் மழைக்கு லீவு விடுகிற மாதிரி இங்கே சேற்றுக்கு லீவு.

குளிர்காய எரிபொருளும் பிரச்சினைதான். மேற்கே கயெண்டா நிலக்கரிச் சுரங்கம் இருந்தவரை அந்தப் பக்கத்து வீடுகளுக்கு அடுப்புக்கரி அங்கிருந்து கிடைத்தது. 2019-ல் மூடிவிட்டார்கள். இப்போது விறகு வெட்ட வெகுதூரம் போகவேண்டும். திங்கட்கிழமை தூங்கி வழிகிற பையனை நான் இப்போதெல்லாம் எழுப்புவதில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாட்டிக்கு விறகு பிளந்திருப்பான்.

பீஸ் கட்டுவது இன்னொரு கதை. கேலப் கடைத்தெருவில் நடந்தால் நம்ம ஊர் மாதிரியே அடகுக்கடைகள். இங்கே தங்கம் இல்லை, வெள்ளியும் நீலக்கல்லும். அம்மாமார் கழுத்துமாலையைக் கொண்டுபோய் வைப்பார்கள், திருவிழா வந்தால் மீட்பார்கள், மறுபடி வைப்பார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது என் அம்மாவின் வளையல் போய் வந்த வழிதான் இது.

இதெல்லாம் கேட்டால் கிடைக்கக்கூடியவை. கேட்டுக் கிடைக்காதது ஒன்று இருக்கிறது, அதை எப்படி எழுதுவது என்றுதான் கடிதம் தள்ளிப்போனது என்றும் வைத்துக்கொள்.

ஒரு பாட்டி தினமும் பேரனைப் பிக்கப் வண்டியில் கொண்டுவந்து விடுவார். நான் வந்து இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், ஒருநாளும் வண்டியைவிட்டு இறங்கியதில்லை. பெற்றோர் கூட்டம் என்றாலும் வெளியிலேயே என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். திமிர் என்று நான் முதலில் நினைத்தேன், மன்னிக்கவேண்டும். பேரன்தான் சொன்னான்: "பாட்டிக்குத் தரை மெழுகு வாசம் ஆகாது." ஆறு வயதில் அவரை வேறொரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். போன அன்றே கூந்தலை வெட்டியிருக்கிறார்கள். தாய்மொழியில் பேசியதற்கு வாயில் சோப்பு. தண்டனையாக முட்டிபோட்டு மெழுகிய தரையின் வாசம் அறுபது வருடம் கழித்தும் போகவில்லை.

நீயும் நானும் மிஷன் பள்ளிப் பிள்ளைகள். ரிங்கல்தௌபே ஐயர் 1806-ல் மயிலாடிக்கு வந்த கதையைச் சண்டே கிளாஸில் மனப்பாடமாகச் சொல்வோமே. நம்ம பாட்டிகளின் பாட்டிகள் மேல்துணி போட்டதற்கு அடி வாங்கியபோது, சபையும் பள்ளிக்கூடமும்தான் அவர்கள் சாய்ந்துகொண்ட சுவர். மிஷன் பள்ளி என்றாலே தலை நிமிர்த்துகிற இடம் என்று நம்பி வந்தவன் நான். இங்கே அதே சொல்லைக் கேட்டால் ஒரு தலைமுறைக்கே உடம்பு நடுங்குகிறது. இரண்டும் உண்மைதான், மக்கா. எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

1864-ல் அமெரிக்க ராணுவம் நவஹோ மக்களின் வயலைக் கொளுத்தி, பீச் மரங்களை வெட்டி, எட்டாயிரம் பேருக்குமேல் நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோய் போஸ்கே ரெடோண்டோ என்ற முகாமில் அடைத்தது. நாலு வருடம் கழித்துத் திரும்பவிட்டபோது எழுதிய அதே 1868 ஒப்பந்தத்தில், ஆறு வயது முதல் பதினாறு வரை பிள்ளைகளைக் கட்டாயம் பள்ளிக்கு அனுப்பவேண்டும், முப்பது பிள்ளைக்கு ஒரு வாத்தியார் என்று ஒரு பிரிவு. அதற்குப் பின்னால்தான் சபைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1898-ல் பிரான்சிஸ்கன் சாமியார்கள், 1901-ல் கனாடோவில் பிரஸ்பிட்டேரியன்காரர்கள், 1902-ல் கேத்தரின் டிரெக்சல் அம்மையாரின் பள்ளி, 1903-ல் ரெகோபோத் மிஷன் பள்ளி. எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்கமுடியாது. அந்தப் பிரான்சிஸ்கன்கள் முதலில் மொழியைக் கற்றார்கள், 1910-லேயே நவஹோ அகராதி போட்டுவிட்டார்கள். நம்ம போப் ஐயர், கால்டுவெல் ரகம். வேறு எத்தனையோ இடங்களில் அதே மொழிக்குச் சோப்பு. பிற்பாடு இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரர்களால் உடைக்கமுடியாத ரகசியக் குறியீடு வேண்டும் என்றபோது, அந்த மொழியைத்தான் தேடிவந்தார்கள். 1942-ல் முதலில் சேர்ந்த 29 பேரில், பள்ளியில் அந்த மொழிக்காகத் தண்டனை வாங்கியவர்களும் உண்டு.

மொழியைச் சொன்னால் உனக்குப் பிடிக்கும். முழு பைபிள் நவஹோவில் வந்தது 1985-ல்தான். கடவுளுக்கு என்ன சொல் போடுவது என்று நம்ம ஆட்கள் சர்வேசுரனா, பராபரனா, தேவனா என்று அடித்துக்கொண்டார்களே! இவர்கள் 'டியின் காட்' என்று ஆங்கிலத்தையே பாதி சேர்த்துக்கொண்டார்கள். 'டியின்' என்றால் புனிதம். சில மூத்தவர்கள் கிதாரோடு அந்த மொழியில் பாமாலை பாடும்போது மெட்டு தெரிந்தது, சொல் தெரியவில்லை, ஆனாலும் சேர்ந்து முனகினேன்.

இன்னொன்று. அண்ணன் வேறு, தம்பி வேறு, அக்கா வேறு, தங்கை வேறு சொல். தாய்வழித் தாத்தாவுக்கு ஒரு சொல், தந்தைவழிக்கு வேறு. இங்கிலீஷில் பேசிப்பேசி நாக்கு செத்துப்போயிருந்த எனக்கு, ஒரு குட்டிப்பெண் "இது ஷாதி, அது ஷிதேஷி" என்று அக்காவையும் தங்கையையும் காட்டியபோது நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மாதிரி இருந்தது.

போன வாரம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி நாலு நாள் லீவு. வயதுக்கு வந்துவிட்டாள், சடங்கு. கினால்டா என்கிறார்கள். ஒருகாலத்தில் மிஷன்காரர்கள் முகம் சுளித்த விஷயம். இப்போது எங்கள் வருகைப் பதிவேட்டில் அதற்கு விடுப்பு உண்டு. கடைசி ராத்திரிக்கு எங்களையும் அழைத்தார்கள். நம்ம ஊரில் மாமன் சீர், மைக்செட், பெண்ணை ஒரு மூலையில் உட்காரவைத்து எழுந்திருக்காதே என்பது. இங்கே ஓடச் சொல்கிறார்கள்! விடியலுக்கு முன் கிழக்குப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிடத் தூரமாக. பின்னாலேயே சின்னப்பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள். குழி வெட்டி, சோளத் தோகை விரித்து, அவளே அரைத்த சோளமாவை ஊற்றி மூடி, மேலே ராத்திரி முழுக்கத் தணல். காலையில் அந்தப் பெரிய வட்டப் பணியாரத்தை வெட்டி எல்லாருக்கும் பங்கிடுவாள், தனக்கு மட்டும் எடுத்துக்கொள்ளமாட்டாள். எனக்கு வந்த துண்டில் கொஞ்சம் மண்ணும் இருந்தது. ருசி நம்ம ஓலைக்கொழுக்கட்டைக்குப் பக்கம். அவளுடைய தாத்தா சபை மூப்பர். விடியும்வரை சடங்குப் பாட்டு கேட்டுவிட்டு, ஒன்பது மணிக்கு ஆராதனையில் காணிக்கைத் தட்டு பிடித்தார்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. இங்கே யாரைச் சந்தித்தாலும் முதலில் குலம் சொல்லவேண்டும். என் முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நாலு குலம் சொன்னார்கள்: அம்மாவுடையது, அப்பாவுடையது, அம்மாவின் அப்பாவுடையது, அப்பாவின் அப்பாவுடையது. எல்லாம் தாய்வழியாகவே இறங்கும். முடித்துவிட்டு, "உங்களுக்கு, சார்?" நம்ம ஊரில் அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படும் என்று உனக்குத் தெரியும், எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது. இவர்கள் கேட்பது வேறு: உன்னை நான் என்ன முறை வைத்துக் கூப்பிடட்டும்? அன்று ஏதோ சொல்லி மழுப்பினேன். "நீங்கதானா கொலம்பஸ் தேடிப்போன இந்தியன்?" என்று ஒருத்தன் கேட்டு வகுப்பே சிரித்ததில் தப்பித்தேன்.

அந்தப் பிக்கப் பாட்டி போன செவ்வாய்க்கிழமை முதல்தடவையாகக் கண்ணாடியை இறக்கி என்னைக் கூப்பிட்டார். பேரன் மொழிபெயர்த்தான்: "கணக்குச் சொல்லித்தர்றது நல்லாத்தான் இருக்காம். ஆனா நீங்க யாருன்னு கேக்குறாங்க." சாதியில்லாமல் ஊரை வைத்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்து யோசித்தேன். நாலு பெண்களின் பிறந்த ஊர் வேண்டும். அம்மாவைப் பெற்றவள் தெரிசனங்கோப்பு, அப்பாவைப் பெற்றவள் ஈத்தாமொழி. அப்பாவின் அப்பாவைப் பெற்றவள் மணவாளக்குறிச்சி என்று கேட்ட ஞாபகம். அம்மாவின் அப்பாவைப் பெற்றவள் எந்த ஊர்? பெயர்கூட எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா எங்கள் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், அவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் காபி கொடுத்துவிட்டுக் கேள், காலையில் கேட்டால் எரிந்துவிழுவார்கள். தெரிந்ததும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடு, கடிதத்துக்குக் காத்திருக்கவேண்டாம்.

உன்
கணக்குப்பிள்ளை