இடுப்பு வலியும் இணைப்புத் திசுவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுகு, இடுப்பு வலி பற்றிய மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் எலும்பையும் டிஸ்க்கையும் மட்டுமே பேசுகின்றன. தசைகளைப் போர்த்தியிருக்கும் ஃபேசியா என்ற இணைப்புத் திசுப் படலம் பற்றியும் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். இதற்கென முதல் பன்னாட்டு ஆய்வு மாநாடு 2007-இல் பாஸ்டனில் கூடியது. படலத்தின் அடுக்குகள், இடையிலுள்ள ஹயலுரோனிக் அமிலம் என்ற, உடலிலேயே உருவாகும் பொருளின் வழவழப்பால் ஒன்றின்மேல் ஒன்று நழுவுகின்றன. 2011-இல் அமெரிக்காவில் ஹெலீன் லாஞ்சவின் குழுவினர் அல்ட்ராசவுண்ட் மூலம் ஆராய்ந்தபோது, நாட்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் இந்த நழுவல் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. வலியால் அசைவு குறைந்ததா, அசைவு குறைந்ததால் வலி வந்ததா என்பதை அவ்வாய்வு நிறுவவில்லை. ஆகவே இதைக் காட்டி, ஃபேசியாவுக்குச் சிகிச்சை செய்தால் எல்லா வலியும் தீரும் என்று விளம்பரம் செய்து பணம் பறிப்பதை ஏற்க இயலாது.

குடியாத்தம் பகுதியில் மடியில் முறத்தை வைத்து, கழுத்தும் முதுகும் வளைந்தபடி பொழுதெல்லாம் பீடி சுற்றும் பெண்கள், எழும்போது இடுப்பில் கை ஊன்றித்தான் நிமிர்கிறார்கள். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட் பணியாற்றிய வேலூரில், இப்பெண்களிடம் இத்தகைய அல்ட்ராசவுண்ட் ஆய்வை மருத்துவக் கல்லூரிகள் தொடங்க வேண்டும். ஆய்வுக்கு வரும் நாளின் கூலி இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், குடியாத்தம்,
வேலூர் மாவட்டம்