துண்டைத் தேடிய குட்டி

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எங்கள் லாப்ரடார் நாய் ஈன்ற ஏழு குட்டிகளுக்கும் நேற்றோடு ஏழு வாரம் முடிந்தது. இத்தனை நாளும் ராத்திரி பகல் தெரியவில்லை.

மோப்ப வேலைக்கு நல்ல மூக்குள்ள குட்டியாகப் பார்த்து எடுத்தால் போதாதா என்று கேட்டிருந்தாய். மூக்கு எல்லாக் குட்டிக்கும் இருக்கிறது, முரளி. கண் திறக்க 10 முதல் 14 நாள் ஆகும், காது கேட்க மூன்றாவது வாரம் வந்துவிடும், ஆனால் பிறந்த அன்றைக்கே மோப்பத்தையும் சூட்டையும் வைத்துத்தான் தாயின் காம்பைத் தேடிப் போகிறது. நான் பார்ப்பது வேறு. பொருள் கண்ணை விட்டு மறைந்த பிறகும் தேடுகிறதா, எவ்வளவு நேரம் தேடுகிறது, அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு பழைய துண்டைச் சுருட்டிக் கட்டி, உயரமான புல்லுக்குள் எறிந்தேன். ஆறு குட்டிகள் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு என் காலடிக்கே திரும்பிவிட்டன. கறுப்புப் பெட்டைக் குட்டி மட்டும் புல்லுக்குள் அங்கும் இங்கும் அலைந்தது. துண்டைத் தாண்டியே போய்விட்டது. அப்புறம் எதிர்க்காற்று அடித்ததும் தலை சட்டென்று திரும்பியது, வால் விறைத்தது, நேராகப் போய்க் கவ்விவிட்டது. துண்டு காலில் சிக்கி இரண்டு தடவை விழுந்தது, ஆனாலும் துண்டை வாயிலிருந்து விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தேடும் வெறி மட்டும் இருந்தாலும் போதாது. போன ஈத்தில் ஒரு ஆண் குட்டி, தேடுவதில் இதைவிடக் கெட்டிக்காரன், வழவழப்பான தரையில் கால் வைக்கவே மாட்டேன் என்றான். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்கும் பார்ப்பதும் மிதிப்பதும்தான் குட்டியின் மனதில் பயமில்லாமல் பதியும், நான் அவனைப் புல்லிலும் மண்ணிலும் மட்டுமே விட்டு வளர்த்திருந்தேன். இப்போது ஒரு வீட்டில் செல்லமாக இருக்கிறான், நன்றாகத்தான் இருக்கிறான், ஆனால் அந்தத் தவறு என்னுடையது. அதனால் இந்தத் தடவை தினமும் ஏதாவது ஒரு புதுசு: இரும்புத் தகடு, கம்பிச் சட்டம், சரசரக்கும் பிளாஸ்டிக் விரிப்பு, படிக்கட்டு, விரிகிற குடை. எதற்குள்ளும் தள்ளிவிடுவதில்லை, அதுவாக வர வேண்டும்.

3 முதல் 16 நாள் வரை குட்டியைத் தினமும் சில விநாடி மல்லாக்கப் பிடிப்பது, தலைகீழாகப் பிடிப்பது என்று அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்த பயிற்சியையும் செய்தேன். அதன் பலனைப் பற்றி ஆய்வாளர்கள் ஒரே மாதிரி சொல்வதில்லை. என்னைக் கேட்டால் தாயின் சுபாவம்தான் முக்கியம், பயந்த தாயைப் பார்த்துக் குட்டியும் பயப்படும். நீ இனச்சேர்க்கைக்கு விடுவதானால் தாய், தகப்பன் இரண்டுக்கும் இரண்டு வயதுக்கு மேல் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடு, லாப்ரடாரில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரும். உடம்பு பெருக்கவும் விடாதே. சீக்கிரம் மூச்சிரைக்கும் நாயால் சரியாக மோப்பம் பிடிக்க முடியாது, வாயால் இரைக்கும்போது மூக்கு சரியாக வேலை செய்யாது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2012-ல் தொடங்கிய பணிநாய் மையத்தில், எட்டு வாரக் குட்டிக்கே பகலில் பயிற்சி, ராத்திரி ஒரு குடும்பத்தோடு வீட்டில். எந்த வேலைக்குப் போகும் என்பதைக் குட்டியின் போக்கைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். கறுப்பியை எடுத்துப் போகும் பயிற்சியாளரிடமும் அதே ஏற்பாட்டைத்தான் கேட்டிருக்கிறேன், சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வா, ஏழு குட்டிகளையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். உன் பெரிய குடையையும் கொண்டு வா. என்னுடையது அவற்றுக்குப் பழகிவிட்டது.

அன்புடன்,
செல்வம்