பாடம் எழுதும் கைக்கு யார் கூலி தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் யூதப் பள்ளிகளுக்குக் கொடையாளர்கள் வாரி வழங்குவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நியூ ஜெர்சியில் அப்படியொரு பள்ளியில் 14 ஆண்டுகள் கணிதம் கற்பித்தவள் நான். பணம் வருவது உண்மைதான். வகுப்பறையில் நடத்தப்படும் பாடத்துக்கு அதில் எவ்வளவு போகிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

எனக்கு ஆண்டுதோறும் பாடநூல், ஆசிரியர் கையேடு, தேர்வுத்தாள் எல்லாம் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அடுத்த அறையில் தல்மூத் என்ற, யூத மதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பைக் கற்பித்த ஆசிரியைக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. தல்மூத்தின் பக்கத்தில் நடுவே மூலம் இருக்கும். ஓர் ஓரத்தில் ராஷி என்ற இடைக்கால யூத அறிஞரின் உரை, மறு ஓரத்தில் அவருக்குப் பின்வந்தோரின் உரை. மூலத்தில் பெரும்பகுதி எபிரேயத்துக்கு உறவான பழைய அரமேய மொழி. உயிரெழுத்துக் குறிகள் இல்லை, நிறுத்தக்குறிகளும் இல்லை. கேள்வி எங்கே முடிகிறது, பதில் எங்கே தொடங்குகிறது என்று 12 வயதுப் பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

பள்ளி முடிந்ததும் அந்த ஆசிரியை அந்தப் பக்கத்தைப் பெரிதாக நகலெடுப்பார். வரிவரியாகக் கத்தரித்து, கேள்வியை மஞ்சள் தாளிலும் பதிலை நீலத் தாளிலும் மறுப்பை ரோஜாநிறத் தாளிலும் ஒட்டுவார். மறுநாள் வகுப்பில் பிள்ளைகள் திணறினால் அத்தனையையும் பிரித்து மறுபடி ஒட்டுவார். ஒரு பக்கத்தைச் சீராக்க மூன்று வாரம் ஆனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்காக அவருக்கு ஒரு டாலர்கூட யாரும் கொடுத்ததில்லை. அவர் வேலையை விட்டபோது இரண்டு அட்டைப் பெட்டிகளும் அவரோடு வீட்டுக்குப் போய்விட்டன. புதிதாக வந்தவர் முதல் பக்கத்திலிருந்து கத்தரிக்கத் தொடங்கினார். அன்று எனக்கு வயிறு எரிந்தது.

இந்த ஒட்டுவேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1838-இல் ரெபெக்கா கிராட்ஸ் என்ற யூதப் பெண்மணி பிலடெல்பியாவில் யூதப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி தொடங்கினார். ஏற்ற நூல் கைவசம் இல்லாததால் கிறிஸ்தவ ஞாயிறு பள்ளிகளின் நூலையே வைத்துக்கொண்டார்கள். யூத மதத்துக்குப் பொருந்தாத விடைகள்மேல் காகிதத் துண்டுகளை ஒட்டி மறைத்தார்கள். மறைத்த வரிகளைப் பிள்ளைகள் எட்டிப் பார்க்க முயன்றதை அங்கிருந்த ஒருவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். சில ஆண்டுகளில் அவர்களுக்குள்ளேயே சிலர் நூல் எழுத முன்வந்தார்கள்.

மதப் பாடங்களை வகுத்துத் தரும் வேலையை அமெரிக்காவில் அரசு செய்வதில்லை. பெற்றோர் கட்டும் கட்டணமும் கொடையும்தான் வழி. நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. தொடக்க வகுப்புகளுக்கான 'தல் ஆம்', உயர் வகுப்புகளுக்கான 'நெத்தா' என்ற எபிரேய மொழிப் பாடத்திட்டங்களை, யூதக் கல்விக்கு நிதி வழங்கிய 'அவி காய்' (Avi Chai) அறக்கட்டளை பெருந்தொகை கொடுத்து வளர்த்தது. நெத்தா நூலோடு நிற்கவில்லை, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தது. அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் கையிருப்பு முழுவதையும் செலவிட்டு முடிப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்த அந்த அறக்கட்டளை, 2019 முடிவோடு நிதி வழங்குவதை நிறுத்திக்கொண்டது. பாடத்திட்டத்தை ஒருமுறை எழுதி அலமாரியில் வைத்துவிட முடியாது. மொழி மாறுகிறது, பிள்ளைகள் மாறுகிறார்கள். திருத்துவதற்கும் பணம் வேண்டும்.

கட்டடத்துக்குக் கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, மழைக்கு ஒழுகாத கூரை அவசியம். ஆனால் பாடம் எழுதும் ஆசிரியருக்கு இரண்டு ஆண்டுகளாவது பாதிநாள் வகுப்பு குறைத்து, அந்த நேரத்துக்கும் ஊதியம் கொடுக்க வேண்டும். எழுதியதை வேறு நாலைந்து பள்ளிகளில் நடத்திப் பார்த்து, தவறியதைத் திருத்த வேண்டும். பிறகு கேட்கும் பள்ளிக்கெல்லாம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஆகும் செலவில் ஒரு பகுதி இதற்குப் போதும்.

அடுத்த முறை உங்கள் கட்டுரையாளர் ஒரு கொடையாளரைச் சந்தித்தால், பாடம் எழுதும் ஆசிரியருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரத்துக்கு அவர் ஊதியம் கொடுக்கிறார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
நியூ ஜெர்சி