ஐயா கேட்க முடியாத மலர்

அன்புள்ள முத்துக்குமார்,

நலம். பேரனுக்குக் காது குத்திய படங்கள் கிடைத்தன. நேரில் வர இயலாமல் போனதில் எனக்கு வருத்தம்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோவில்பட்டிக்குச் சென்று நம் தமிழாசிரியரைப் பார்த்து வந்தேன். கண்நீர் அழுத்த நோயால் ஐயாவுக்குப் பார்வை முழுவதும் போய்விட்டது. ஆனாலும் இந்த 82 வயதில், திரைவாசிப்பான் துணையோடு கைபேசியை இயக்கப் பழகியிருக்கிறார். திரைமேல் விரலை நகர்த்தினால் விரலுக்கடியில் உள்ளதை அது வாய்விட்டுச் சொல்லும்; வேண்டியது வந்ததும் இருமுறை தட்ட வேண்டும். நடுங்கும் விரலால் அவர் அதைப் பொறுமையாகச் செய்வதைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது.

நீ அனுப்பிய பள்ளிப் பொன்விழா மலரை அவர் கேட்கட்டுமென்று என் மடிக்கணினியில் திறந்து, என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை இயக்கினேன். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கியது அது. இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. மலரின் முதல் கவிதை 'அம்மா' என்று தொடங்குகிறது அல்லவா? கருவியோ 'எம் கே கே எச்' என்றது. ஐயா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இது எந்த மொழிப்பா?" என்றார்.

குறை கருவியினுடையது அன்று. மலரைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதில் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவுதான். கண்ணுக்கு 'அ' என்று தெரிவது கணினிக்கு 'எம்'. ஒருங்குறியில் (யூனிகோடில்) அடித்திருந்தால் 'அ' எங்கு போனாலும் 'அ'வாகவே இருந்திருக்கும். தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று 2010இல் ஆணை பிறப்பித்த பிறகும், அச்சகங்களில் பழைய எழுத்துருக்கள் விடைபெறவில்லை. தாளை வருடி (ஸ்கேன் செய்து) படமாக ஏற்றிய கோப்புகளோ இன்னும் மோசம். அவற்றைத் திறந்தால் திரைவாசிப்பான் ஊமையாகிவிடும்.

ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று பார்க்க ஐயா தம் வங்கிச் செயலியைத் திறந்தபோது இன்னொன்றையும் கண்டேன். அடுத்தடுத்து மூன்று இடங்களில் 'அன்லேபிள்ட், பட்டன்', அதாவது பெயரிடப்படாத பொத்தான், என்ற ஒரே குரல். எது இருப்பு, எது பணப் பரிமாற்றம் என்று அவர் எப்படி அறிவார்? நானும் இருபது ஆண்டுகளாகச் செயலி எழுதுகிறவன். பொத்தானுக்கு ஒரு பெயர் கொடுக்க ஒரு வரி போதும் என்பது தெரிந்திருந்தும், 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று நானே எத்தனையோ முறை விட்டிருக்கிறேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கண் சிமிட்டி அடையாளத்தை மெய்ப்பிக்கச் சொல்லும் முறையால் பார்வையற்றவர்களும் அமிலவீச்சுக்கு ஆளானவர்களும் வெளியே நிறுத்தப்படுவதாகத் தொடுத்த வழக்கில், எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதியே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை அப்போதே படித்தேன். ஐயாவின் விரல் அந்த மூன்று பொத்தான்கள்மேல் தடுமாறியபோதுதான் அது எனக்கு உறைத்தது.

மலரின் மூலக்கோப்பு அச்சகத்தில் இன்னும் இருக்குமா? இருந்தால் வாங்கி அனுப்பு. ஒருங்குறிக்கு மாற்றிப் பிழை திருத்தும் வேலை என்னுடையது. 'அவன் எழுதிய கட்டுரை எத்தனையாம் பக்கம்?' என்று ஐயா உன்னைக் குறித்துத்தான் முதலில் கேட்டார்.

அன்புடன்,
சேகரன்