தரங்கம்பாடிக் கோட்டையில் கீழ்த்தளத்தைப் பார்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. உனக்குப் பேத்தி பிறந்த சேதியைக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது. இங்கே அம்மாவுக்கு மூட்டுவலிதான் விடமாட்டேன் என்கிறது. மற்றபடி சுகம்.

போன வாரம் தரங்கம்பாடி போயிருந்தேன். டேனிஷ் கோட்டைக்கு வருகிறவர்கள் மாடியில் நின்று கடலைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீ வந்தால் கீழ்த்தளத்தைப் பார். கிடங்கும் சிறையுமாக இருந்த அறைகள் அங்கேதான் இருக்கின்றன. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் பழகிய பிறகுதான் வளைந்த கூரையும், சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிற சுவரும் புலப்பட்டன.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவை நான்கு மாதம் அடைத்து வைத்தது இந்தக் கோட்டையில்தான். அவரை அனுப்பியவர் டென்மார்க் அரசர். அடைத்தவரோ இங்கிருந்த டேனிஷ் தளபதி! 1706ல் கரையிறங்கி, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் பழகிய மனிதர் அவர். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்க ஆரம்பித்தார். அடுத்த மாதமே சிறை. ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியது கோட்டைக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை.

வெளியே வந்தவர் வேலையை விடவில்லை. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715ல் அச்சிட்டு முடித்தார்கள். 36 வயதில் போய்விட்டார், பாவம். ராஜ வீதியில் அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம்.

தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கர் 1620ல் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்ததையும், 1845ல் அவர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றதையும் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். அச்சில் தமிழ் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இந்தச் சிறைக் கதையை அந்த அறையில் நின்றே கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. முப்பது வருஷம் தமிழ் நடத்திய உன்னைவிட அதைச் சொல்ல வேறு யார்?

பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306ல் குலசேகர பாண்டியன் கட்டியது. பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருக்கும்போதே அதையும் பார்த்துவிட வேண்டும்.

தையில் வருகிறேன் என்றாயே, மயிலாடுதுறை வரை ரயிலில் வந்துவிடு. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். எங்கள் தெருப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவோம். எந்தத் தேதி என்று மட்டும் முன்கூட்டியே எழுது, வேன் சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
ராமலிங்கம்