பாப்பா எப்படி நகர்ந்தாலும் சரி

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். பொகவந்தலாவையில் மழை விடவில்லை, தேயிலைக் கொழுந்து நன்றாக வருகிறது என்கிறார்கள். அப்பாவின் கால் வலி அப்படியேதான். அக்கா வீட்டுப் பிரச்சினையை நேரில் சொல்கிறேன். தம்பி சனிக்கிழமை கொழும்புக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். பக்கத்தில் சம்பந்தியம்மா இருப்பார். சில விஷயம் அப்படிப் பேச வராது.

பாப்பாவுக்குப் பதினோரு மாதம் ஆகிறது. உங்கள் வீட்டுத் தரை முழுக்க டைல்ஸ். காலுறை போடாதே. முழங்கால் வெறுமையாக இருந்தால்தான் பிடிமானம் கிடைக்கும். பாயை விரித்து, முழித்திருக்கும் நேரத்தில் குப்புறப் படுக்க வை. தூங்கும்போது மட்டும் மல்லாக்க. மடியிலேயே வைத்திருக்காதே, கீழே விடு.

நான் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்த காலத்தை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை இருக்கிறது, தோட்டத்து லயத்து வீடுகளில் அப்படி யாரும் சொல்வதில்லை. காலையில் தாய்மார் பிள்ளையை அங்கே விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விடுவார்கள். அதனால் பல பிள்ளைகள் முதன்முதலில் தவழ்ந்ததைப் பெற்றவளுக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். ஆனால் சாயங்காலம் கொழுந்தை எடைபோட்டுவிட்டு வருகிறவளிடம் சொல்ல மாட்டேன். அவளே வீட்டில் பார்த்து, மறுநாள் ஓடிவந்து எனக்குச் சொல்லட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்தப் பிள்ளைகளில் எத்தனை விதம் தெரியுமா? சிலது வயிறு தரையில் உரச, முழங்கையால் இழுத்து இழுத்துப் போகும். சிலது முட்டியே போடாது, கையையும் பாதத்தையும் ஊன்றிப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஒரு முழங்காலை ஊன்றி மற்றக் காலைப் பாதத்தால் தள்ளுவதும் உண்டு. உருண்டே அறையின் அந்தப் பக்கம் போய்ச் சேருவதும் உண்டு. பாவம், சிலது பின்னால் போகும். கைக்குத்தான் பலம் முதலில் வருகிறது, அதனால் இழுக்க வேண்டிய இடத்தில் தள்ளிவிடும். பொம்மையைப் பார்த்து அழுதுகொண்டே அதைவிட்டுத் தூரமாகப் போகும். கொஞ்ச நாளில் தானாகச் சரியாகிவிடும்.

உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தேய்த்து நகர்கிற பிள்ளைகள் தனி. ஒரு கையை ஊன்றி, காலை நீட்டி மடக்கி, சர்ரென்று போகும். இதுகளுக்குக் குப்புறப் படுப்பது பிடிக்காது. அக்குளைப் பிடித்துத் தூக்கினால் காலைக் கீழே ஊன்றாமல், நாற்காலியில் இருக்கிற மாதிரி முன்னால் நீட்டும். பரம்பரையாகவும் வரும். உன் சின்ன மாமா எப்படி நகர்ந்தார் என்று பாட்டி சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடம். இந்தப் பிள்ளைகள் நடக்கக் கொஞ்சம் பிந்தும். ஒன்றரை வயதும் ஆகும், சிலதுக்கு இரண்டு வயதை நெருங்கிவிடும். சின்ன மாமாவும் பிந்தித்தான் நடந்தார். பிறகு சிவனொளிபாத மலைக்கு நம் வீட்டில் அவரை முந்தி ஏறியவர் யார்?

எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006ல் ஒரு கணக்கு வெளியிட்டது. முட்டி போட்டுத் தவழ்வது 5 மாதத்திலிருந்து 13 மாதம் தாண்டியும் தொடங்கலாம். நூற்றுக்கு நாலு பிள்ளைகள் அப்படித் தவழவே இல்லை. நடப்பதற்கு 17 மாதத்துக்கு மேலும் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் 2022ல் வளர்ச்சிப் பட்டியலிலிருந்து தவழ்வதையே எடுத்துவிட்டார்கள் என்று தம்பி வாசித்துச் சொன்னான். அது எனக்குச் சரியாகப் படவில்லை. தவழ்கிற பிள்ளைக்குத் தோளும் கையும் உரமாகும், அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பாயில் குப்புற விடு என்கிறேன்.

சரி, வந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் அனுப்பிய வீடியோவில் பாப்பா சோபா ஓரத்திலிருந்து உட்கார்ந்தபடியே வந்தாள். பாதியில் நீ நிறுத்திவிட்டாய். அதற்குப் பிறகு வருவதெல்லாம் மடியில் வைத்து எடுத்த முகம் மட்டும்தான். அப்பாவுக்கு இது தெரியாது, பேத்தி சிரிக்கிறாள் என்று எல்லோருக்கும் காட்டுகிறார். எனக்குத் தெரியாமல் இருக்குமா?

சம்பந்தியம்மா பெரியவர். தன் பிள்ளைகள் எட்டாம் மாதமே முட்டி போட்டன என்றால் சொல்லட்டும், எதிர்த்துப் பேசாதே. ஆனால் நீ எங்கள் லயத்திலிருந்து முதலாவதாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவள். உன் பெயரைச் சொல்லித்தான் இங்கே பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறோம். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளை நகர்வதை ஒளித்து வைப்பதா? அதுவும் என்னிடம்?

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன், கவனமாக வாசி. ஒரு பக்கக் கை, காலை மட்டும் இழுத்து நகர்ந்தால், ஒரு கையை எப்போதும் மூடியே வைத்திருந்தால், கால் விறைத்தோ துவண்டோ இருந்தால், உட்காரவே முடியாவிட்டால், நேற்று வரை செய்ததை இன்று விட்டுவிட்டால், அப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. இது ஒன்றும் இல்லையென்றாலும், ஒரு வயது ஊசிக்குப் போகும்போது கிளினிக் புத்தகத்தைக் கொண்டுபோய் டொக்டரிடம் வாயைத் திறந்து கேள். வெட்கப்படாதே. தாதி மிஸ்ஸி அவசரப்படுத்தினாலும் கேட்டுவிட்டே வா.

பிள்ளையை உட்காரவைத்து உருட்டும் வோக்கர் வாங்கப் போவதாகச் சம்பந்தியம்மா சொன்னது என் காதில் விழுந்தது. வேண்டாம். படியில் விழுந்து அடிபடுகிறது என்றுதான் கனடாவில் 2004லேயே அதை விற்கத் தடை போட்டார்கள். நடக்கவும் அது உதவாது. மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லு, அவர் கேட்பார். நல்ல மனிதர்.

காலுறை போடாதே, மறந்துவிடாதே.

தம்பி மத்தியானத்துக்குள் வந்துவிடுவான், அவனுக்குச் சோறு போடு. பாப்பா தரையில் எப்படி நகர்கிறாளோ அப்படியே போனில் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். தடுக்காதே.

அன்புடன்,
அம்மா